மூன்றாவது பதில்

அத்தியாயம் 14

நான்கு நாட்களாக அந்த வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றுதான். புஸ், டக், புஸ், டக் என்று கூடத்து மூலையில் அது மூச்சு விட்டது. கணவனும் மனைவியும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வந்தது. காலித் தட்டு தொட்டிக்குப் போனது. நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் பாப்பாவின் மாமனார் தனியாக வீட்டில் இருக்கிறார். ஒரு ஆளை வைக்கலாம், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் நீ வீட்டிலிருந்து வேலை பார் என்றான் கணவன். அவசியமே இல்லை என்றாள் பாப்பா. மாமாவின் விரலில் மாட்டியிருக்கும் கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டால் இயந்திரத்துக்குச் சொல்லும். இயந்திரம் வீட்டாரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவல் வந்தால், கைபேசியை ஊமையாக்கி வைத்திருந்தாலும் அது அலறும். அதற்கான ப்ரோகிராமை எழுதியவளே அவள்தான்.

“உன் ப்ரோகிராமை நம்பி எங்க அப்பாவை விட்டுட்டுப் போகச் சொல்றியா?”

“நானூறு வீட்டுல நம்பி விட்டிருக்காங்க.”

“அப்ப சரி. என் நம்பரை முதல்ல போடு. எங்க அப்பாவை நான் பார்த்துக்கறேன்.”

‘எங்க அப்பா’ என்று அவன் அழுத்திச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. போய்ப் பட்டியலில் இரண்டு எண்களையும் இடம் மாற்றினாள். முதலில் அவனுடையது, அடுத்து தன்னுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் கைபேசியில் சிக்னல் எடுக்காது. அது தெரிந்துதான் மாற்றினாள். முதல் எண்ணுக்குத் தகவல் சேரவில்லை என்றால் உடனே இரண்டாவது எண்ணுக்குப் போகும். எப்படியும் தன்னிடம்தான் வந்து நிற்கும், அன்றைக்குப் பேசிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

இன்று வியாழக்கிழமை.

முப்பத்தாறு வயதிலும் அவளுக்குப் பாப்பா என்ற பெயர் போகவில்லை. பிறந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது புகுந்த வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. அங்கே அவள் மேடம். சரியாகச் சொன்னால், நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளை எழுதிவைத்த மேடம். ப்ரோகிராமில் யார் ஒரு வரியை மாற்றினாலும் அந்தச் சோதனைகள் தாமாக ஓடும். ஒன்று தவறினாலும் திரை சிவக்கும். எல்லாம் தேறினால் பச்சை.

அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டால் மேலாளருக்கு வேறு எதுவும் வேண்டாம். அதனால் அவருக்குப் பச்சை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று நான்கு மணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் ஆயிரத்து நூறு நோயாளிகளின் வீடுகளுக்கு இந்த ப்ரோகிராம் போகிறது. பச்சை சார் காலையிலிருந்தே புதுச் சட்டையில் நடை பழகிக்கொண்டிருந்தார்.

இரண்டே முக்காலுக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் அக்கா பாப்பாவின் மேசைக்கு வந்து நின்றாள். போன்கார அக்கா என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். எந்தக் கோபக்காரரையும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுகிறவள். இன்று அவள் முகத்திலேயே சிரிப்பு இல்லை.

நேற்று ஒரு அம்மாளுக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. முதல் எண் மகளுடையது. அவள் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்திருக்கிறது. இரண்டாவது எண் மகனுடையது. அவன் அடுத்த தெருவில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதுவும் வரவில்லை. தற்செயலாகப் பால் கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்ததால் அந்த அம்மாள் பிழைத்தாள்.

“அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ரெண்டாவது நம்பர் எதுக்கு வாங்கினீங்கன்னு. எனக்குப் பதில் வரல. நீ சொல்லு.”

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது என்றாள் பாப்பா. முதல் எண் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை, முப்பத்தெட்டாவது. அதை அக்காவின் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினாள். பச்சை.

அக்கா அந்தப் பச்சையைப் பார்த்தாள். “இதுல யாருக்குப் போன் போச்சு?” என்றாள்.

யாருக்கும் போகவில்லை. போகவும் கூடாது. சோதனை ஒரு நாளைக்கு நூறு தடவை ஓடும். நூறு தடவையும் நிஜத் தகவல் சேவையைக் கூப்பிட்டு, யாரோ ஒருவரின் கைபேசியை அலறவிட முடியுமா? அதற்காகத்தான் நிஜத்தின் இடத்தில் ஒரு மாற்றாளை நிறுத்துவார்கள். நாடக ஒத்திகைக்குக் கதாநாயகன் வராத நாளில், யாராவது ஒருவர் தாளைப் பார்த்து அவன் வசனத்தைப் படிப்பார் அல்லவா, அது மாதிரி. ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் அதை மாக் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மாக்கை எழுதிய பாப்பா, அதற்கு நல்லபிள்ளை என்று பெயர் வைத்தாள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லும், எதிர்த்துப் பேசாது.

நல்லபிள்ளைக்கு இரண்டே பதில்தான் தெரியும். ‘சேர்த்துவிட்டேன்.’ அல்லது, ‘முடியவில்லை.’

பாப்பாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. எங்கோ ஒரு கடிதம் படித்த ஞாபகம். தேடினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் தகவல் சேவைக் கம்பெனி அனுப்பிய அறிவிப்பு. கைபேசி அணைந்திருந்தாலோ சிக்னல் எடுக்காவிட்டாலோ இனிமேல் ‘முடியவில்லை’ என்று சொல்ல மாட்டோம், ‘வாங்கி வைத்திருக்கிறேன்’ என்போம், கைபேசி உயிர்பெற்றதும் கொடுப்போம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இந்தச் செவ்வாய் முதல் அமல்.

அதன் கீழே அவள் அனுப்பிய பதிலும் இருந்தது. ‘எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்தோம். எந்தப் பாதிப்பும் இல்லை.’

ஓட்டித்தான் பார்த்தாள். யாரிடம்? நல்லபிள்ளையிடம். ஆள் மாறிவிட்டானா என்று ஆளைப் பார்க்காமல், சட்டம் போட்டு மாட்டிய பழைய போட்டோவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். போட்டோ அப்படியேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது.

அவள் எழுதிய ப்ரோகிராமோ ‘முடியவில்லை’ என்ற ஒரு சொல்லைக் கேட்டால்தான் இரண்டாவது எண்ணுக்கு நகரும். வேறு எதைக் கேட்டாலும் வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

செவ்வாயிலிருந்து எத்தனை பேர்? நிஜ வீடுகளின் பதிவேட்டைத் திறந்தாள். மூன்றாவது பதில் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று கேட்டாள். எட்டு வரிகள் வந்தன. கடைசி வரி இன்றையது.

வீட்டு எண் 317. மணி 2.42. பதில்: வாங்கி வைத்திருக்கிறேன். நிலை: சேர்ந்தது. பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

317 யாருடைய வீடு என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அதைப் பதிவு செய்ததே அவள்தான்.

சுவர்க் கடிகாரம் 2.58 காட்டியது.

மாமாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்தாலும் புரண்டு படுத்துத் தூங்குகிறவர். எடுக்கவில்லை. கணவனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. எதிர் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

“எந்திரி,” என்றாள் போன்கார அக்கா. பாப்பாவின் லேப்டாப்பை மூடி, பையில் திணித்து, தோளில் மாட்டிவிட்டாள். “ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன். நீ ஓடு.”

டாக்சியில் உட்கார்ந்த பிறகுதான், கணவன் எங்கே வேலையில் இருக்கிறான் என்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. நான்கு நாளாகக் கேட்கவில்லை. அவன் கம்பெனிக்கு அடித்து, ஒருவர் மாற்றி ஒருவரிடம் கெஞ்சி, கட்டடக் காவலாளியின் எண்ணை வாங்கினாள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறார், இப்போது கூப்பிட்டால் திட்டுவார் என்றார் காவலாளி.

“கதவைத் தட்டுங்க. அவங்க அப்பாவுக்கு மூச்சு இல்லைன்னு சொல்லுங்க.”

சொல்லி முடித்த பிறகு, தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தனக்கே கேட்டது. மூச்சு இல்லை. டாக்சிக்காரர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு அவர் எந்த சிக்னலுக்கும் அனாவசியமாக நிற்கவில்லை.

வீட்டு வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்ந்து விழுந்து கிடந்தது. மாடிப்படியில் ஒரு ஷூ. கதவருகே இன்னொன்று. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே புஸ், டக் என்ற சத்தம் இல்லை.

பாப்பா கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போனால் என்ன தெரியுமோ அது தெரிந்துவிடும். போகாதவரைக்கும் தெரியாது. கைப்பிடிக் கம்பியை அவள் விடவில்லை.

பிறகு அது கேட்டது. புஸ். டக். மெதுவாக, சலித்துக்கொண்டு ஆரம்பிப்பது போல.

மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் முன்னால் கணவன் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ். மாமா தூக்கத்தில் நாற்காலியை நகர்த்தியிருக்கிறார். நாற்காலியின் கால் ஆக்சிஜன் குழாய் மேல் ஏறி, காற்று போகாமல் நசுக்கிவிட்டது. குழாயை விடுவித்து, இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டிருந்தான். இப்போது அவர் விரல் கிளிப்பையே முறைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்து நாலு. தொண்ணூறை ஒட்டியாவது இருக்க வேண்டிய எண்.

அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எழுபத்தேழு. எழுபத்தாறு. அந்த ஒரு எண் இறங்கியபோது அவன் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. கிரீஸ் பிசுபிசுத்தது. எண்பத்தொன்று. எண்பத்தைந்து. எண்பத்தொன்பது.

மாமாவின் இமை அசைந்தது. கண் திறந்தது. மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோத்திருந்த கைகளையும் பார்த்தார்.

“என்ன, ரெண்டு பேரும் பட்டப்பகல்ல வீட்டுல இருக்கீங்க,” என்றார் குழறலாக. “யாரு செத்தது?”

கணவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மாலையில் டாக்டரிடம் கட்டாயம் காட்டச் சொன்னார்கள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்து, பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர்கள் இறங்கிப் போன பிறகு, கணவன் தன் கைபேசியை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். அனுப்பிய நேரம் 2.42. வந்த நேரம் 3.04. குழியிலிருந்து அவன் தலை வெளியே வந்ததும் அலறியிருக்கிறது.

“எனக்குக் கிடைக்கல, சரி. உனக்கு ஏன் வரல?”

நான்கு நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. சேவைக் கம்பெனி மாற்றிவிட்டது என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. அறிவிப்புக் கடிதத்தைச் சரியாக யாரும் படிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லி நழுவலாம்.

“நான் செஞ்ச தப்பு,” என்றாள். “நிஜத்தைக் கேட்கவேண்டிய இடத்துல, நானே செஞ்சு வச்ச பொம்மையைக் கேட்டேன். அது எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஞாயித்துக்கிழமை சொன்னது சரி.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

“இன்னும் நானூறு வீடு இருக்குன்னியே,” என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் அவளை உலுக்கியது. மணி 3.31. நான்கு மணிக்கு இன்னும் ஆயிரத்து நூறு.

அவள் பச்சை சாரை அழைத்து, வெளியீட்டை நிறுத்தச் சொன்னாள். அவர் சிரித்தார். மருத்துவமனை ஆட்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போது போய் விளையாடுகிறீர்களே என்றார். நானூற்றுப் பன்னிரண்டும் தேறியிருக்கிறது, நானே பார்த்தேன் என்றார்.

“அதுதான் சார் எனக்குப் பயமே. அஞ்சு நிமிஷம் குடுங்க. நானூத்திப் பதிமூணாவது அனுப்பறேன்.”

கணவன் அதற்குள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, லேப்டாப்பை வைத்து, அதன் வயரைச் செருகி, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். “நீ அடி. அப்பாவை நான் பார்த்துக்கறேன்,” என்றான். ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தைகள்தான். இன்று அதில் முள் இல்லை.

பாப்பா நல்லபிள்ளையைத் திறந்தாள். ஆறே வரி. மூன்றாவது பதிலை அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்: ‘வாங்கி வைத்திருக்கிறேன்.’ இப்படிச் சொன்னால் இரண்டாவது எண்ணுக்குத் தகவல் போகவேண்டும் என்று புதிய சோதனை எழுதினாள். இரண்டு தடவை எழுத்துப் பிழை, திருத்தினாள். ஓட்டினாள்.

திரை சிவந்தது.

இரண்டு வருஷத்தில் நல்லபிள்ளை சொன்ன முதல் உண்மை. அதைப் படம் பிடித்துப் பச்சை சாருக்கு அனுப்பினாள். பிறகு அவரே கூப்பிட்டார். குரலில் புதுச் சட்டை இல்லை. நிறுத்திவிட்டேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “மேடம், எங்க அம்மா வீட்டுலயும் நம்ம மெஷின்தான் இருக்கு,” என்றார்.

உடனே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

ப்ரோகிராமைத் திருத்தி நானூறு வீட்டுக்கும் அனுப்ப நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் அந்த எட்டு வரிகள். ஒன்று இந்த வீடு, ஒன்று பால்காரர் பிழைக்க வைத்த அம்மாள். மீதி ஆறு பேரைப் போன்கார அக்காவும் அவளும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் ஒரு பெரியவர் எடுத்து, இதைக் கேட்கவா தூக்கத்தில் எழுப்பினாய் என்று கடிந்துகொண்டார். அந்தத் திட்டு அவள் காதுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது வீட்டில் மகள் பக்கத்திலேயே இருந்தாள். மூன்றாவது நலம். அக்காவின் மூன்றும் நலம்.

பாப்பா நாற்காலியில் சாய்ந்தாள். சும்மா ஒரு தடவை, மனத் திருப்திக்காக, பதிவேட்டை மறுபடி புதுப்பித்தாள்.

ஒன்பதாவது வரி.

வீட்டு எண் 88. மணி 3.38. வாங்கி வைத்திருக்கிறேன். பச்சை டிக்.

இப்போது மணி 3.47.

இரண்டு எண்களுக்கும் அடித்தாள். முதல் எண் அணைந்திருந்தது. இரண்டாவது எண்ணில் மகன் எடுத்தான். அவன் வேறு ஊரில் இருக்கிறான். அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், கதவில் எண் பூட்டு என்று, திறக்கும் எண்ணைச் சொல்லி, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். லேப்டாப் வழியே இணைப்பில் இருந்த அக்கா ஆம்புலன்சுக்குச் சொல்லட்டும் என்று பாப்பா விலாசத்தை உரக்கப் படித்தாள். கட்டடத்தின் பெயர், பதினோராவது மாடி.

மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான்.

“எந்தக் கட்டடம்?”

அவள் மறுபடி படித்தாள். கால்சட்டைப் பையில் கையை விட்டு, சிவப்பு அட்டை கோத்த ஒரு சின்னச் சாவியை எடுத்தான். லிஃப்டில் வேலை செய்கிறவன் மின்சாரத்தை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அவன் உள்ளே இருக்கும்போது வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு அது. அப்பாவுக்கு மூச்சு இல்லை என்று கேட்டதும் பூட்டைத் திறக்காமல் ஓடிவந்திருக்கிறான்.

“அங்க இருக்கறது ரெண்டு லிஃப்ட். ஒண்ணு போன மாசமே படுத்துடுச்சு,” என்றான். “இன்னொண்ணை நான் பூட்டிட்டு வந்துட்டேன்.”

ஒரு ஷூவைக்கூட மாட்டாமல் படியில் தடதடவென்று இறங்கினான். மோட்டார் சைக்கிள் ஒரு உதை, இரண்டு உதை, மூன்றாவதில் கிளம்பியது.

பாப்பா 88-ஆம் வீட்டு அம்மாளின் கைபேசி எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. மாமா தன் மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தனாவது மாடி?”

“பதினொண்ணு, மாமா.”

“விடாதே. அடிச்சுக்கிட்டே இரு.”

மணி போய் நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடி.

ஐந்தாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

“அம்மா,” என்றாள் பாப்பா. “அம்மா, கேக்குதா? ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க.”

கைபேசி எதன்மேலோ உரசுகிற சத்தம். அதற்குப் பின்னால், பாப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி, விட்டு விட்டு, கூவிக்கொண்டிருந்தது.

உரசல் நின்றது. பிறகு அந்தக் கூவலும் நின்றது.